ஆனைக்கல்லின் கண்

திருப்பூரில் மழை இல்லை.
பெருமாநல்லூர் ரோட்டில் புழுதி.
கட்டிங் மேசையில் முப்பத்தாறு அடுக்குத் துணி,
அதன்மேல் விரித்த செய்தித்தாளின் எட்டாம் பக்கம், கீழ்மூலை:
பில்லூர் தொண்ணூற்றேழு அடி, வரத்து ஆறாயிரம்.

இந்த ஞாயிறும் போச்சு.

எங்கள் வானத்துக்கும் எங்கள் ஆற்றுக்கும்
பேச்சுவார்த்தை கிடையாது.
ஆனி, ஆடி முழுக்க
மழையை மேற்கு மலை வாங்கி வைத்துக்கொண்டு
காற்றை மட்டும் நமக்கு அனுப்பும்.
தலைக்கு மேல் வெயில் காயும்போது
முழங்காலில் மோதுவது அவலாஞ்சி வெள்ளம்.
பவானியில் ஓடுவது எப்போதும்
இன்னொருத்தர் மழை.

ஆகவே ஹக்கீம்.
மேட்டுப்பாளையத்தில் கிழங்கு மண்டி வைத்திருக்கிறான்.
விடிகாலை நாலுக்கு ஊட்டி லாரி வந்து நின்றதும்
மூட்டையைக் கட்டைவிரலால் சுரண்டிப் பார்ப்பான்.
மண் உதிர்ந்தால் மூன்று நாளில் ஆறு தெளியும்.
அப்பினால் ஒரு வாரம்.
மூட்டையே சொட்டினால் எனக்கு எழுதுவான்:
"மாப்ள, தூண்டிலைத் தொடச்சு வை, வெளிய எடுக்காத."
வானிலை அறிக்கை இதைவிட நீளம்,
இதைவிடச் சரியாக இருந்ததில்லை.

காத்திருக்கும் ராத்திரிகளில் பொய் ஈ கட்டுகிறேன்.
உடம்புக்கு வேஸ்ட் மூட்டையில் உருவிய நூல்,
வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்ற பச்சை.
இறகுக்கு, கோச்சையாகிக் குழம்பில் முடிந்த
ஒரு கீரிச் சேவலின் பிடரி.
டப்பாவில் நாற்பத்தொன்று இருக்கின்றன.
இந்த வருஷம் ஒன்றும் நனையவில்லை.

ஆற்றின் நடுவில் ஒரு கல். ஆனைக்கல் என்போம்.
நெற்றி மட்டும் தெரிந்தால்
கரையோடு டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.
வாய் தெரிந்தால் தண்ணீர் செத்துவிட்டது,
கெண்டை மடுவுக்குள் போய்ப் படுத்திருக்கும்.
கண் தெரியணும்.
கீழிமையில் தண்ணீர் தொட்டுக்கொண்டு நிற்கணும்.
அது வருஷத்தில் பத்து நாள், மிஞ்சினால் பன்னிரண்டு.
அதிலும் கரண்டுக்காக மேலே திறந்துவிடாத நேரம்,
சைரன் ஊதாத நேரம்,
அதிலும் ஷிப்மென்ட் போய்விட்ட ஞாயிறு.
என் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தவர்கூட
இத்தனை பொருத்தம் கேட்கவில்லை.

ஆவணி ஆறு, செவ்வாய்.
மண் உதிருது என்று தகவல். வரத்து எழுநூறு.
கணக்குப்படி வெள்ளிக்கிழமை தெளியும்.
வெள்ளி ராத்திரி தூத்துக்குடிக்குக் கன்டெய்னர்,
ஒன்பதாயிரம் பீஸ், குழந்தைகள் பனியன்,
கையெல்லாம் இன்னும் வெட்டவே இல்லை.
லீவு கேட்க மேனேஜர் ரூம்வரை போனேன்.
நூல் விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

வெள்ளி, மாலை நாலு மணி.
கத்தி மெஷின் உள்ளங்கையில் உதறிக்கொண்டிருக்கிறது.
போனில் ஹக்கீம் அனுப்பிய குரல்பதிவு, பதினோரு விநாடி.
குரல் இல்லை. தண்ணீர்.
மெஷினை நிறுத்திவிட்டுக் காதோடு வைத்தேன்.
கல்லுக்கு இடப்பக்கம் பொங்கும் சத்தம் இருந்தது.
வலப்பக்கம், சரளையில் உரசுமே, அது இல்லை.
மறுபடி கேட்டேன்.
"கண்ணுக்கு ரெண்டு விரக்கடை மேல நிக்குது" என்று எழுதினேன்.
"ஒண்ணர" என்று வந்தது.
பிறகு: "எறங்கி அளந்துட்டுத்தான் சொல்றேன்."
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

ஆகவே மீன்.

சிரித்திருப்பேன் போல.
செக்கிங் மேசையிலிருந்து தெய்வாத்தாள் கேட்டாள்,
"ஏனுங்ண்ணா, எங்கியாச்சு மழைங்களா?"
"நின்னுபோச்சாம்" என்றேன்.
மெஷினைப் போட்டு
அடுத்த கையை வளைத்து வெட்டினேன்,
தோளில் தொடங்கி, கோடு பின்னால் நீண்டு, திரும்பி
முன்னால் விழும் அதே வளைவு.

சனிக்கிழமைத் தாளில், கீழ்மூலையில்,
வரத்து நாலாயிரத்து நூறு.
அது அச்சான நேரத்துக்குக் கன்டெய்னர்
கரூர்கூடத் தாண்டியிருக்காது.